ராதாமக்கர் கல்லறை

இங்க யாரும் உக்காந்திருக்காங்களா தம்பி? இல்லையா, அப்ப நான் உக்காந்துக்கறேன். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் தள்ளிக்குங்க. நீங்க இந்தத் திருச்சபை ஆபீஸ்காரர் இல்லையே? டிரான்ஸ்பர் கேட்டு வந்த வாத்தியாரா. எந்த ஊரு? திண்டுக்கல்லா. நல்லதாப் போச்சு. நாகப்பட்டினம் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் உண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பொண்ணு எடுத்தது, கொடுத்தது? ஒண்ணும் இல்லையே. சரி. அந்தப் போனை மட்டும் பையில போட்டுருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இப்பல்லாம் பேசுறதைப் பூரா பிடிச்சு வச்சுக்கறாங்க.

நான் உள்ள போயிட்டு வந்துட்டேன். அந்தச் செக்ரட்டரி அம்மா இருக்காங்களே, கண்ணாடி போட்டவங்க, அவங்கதான் சொன்னாங்க, "வெளியில உக்காந்து நிதானமா யோசிங்கம்மா, சாப்பாட்டுக்கு முந்தி வந்து சொல்லுங்க"ன்னு. எதுக்கு என்னை யோசிக்கச் சொல்றாங்க? நான் வெளியில வந்ததும் எங்க ஊரு போதகருக்குப் போன் போடத்தான். எனக்குத் தெரியாதா. போடட்டும்.

என் பேரு ரெபேக்கா. வேதபுரம். பொறையாறு தாண்டிக் கடற்கரைப் பக்கம் வந்தா ஒரு கோயிலு, அதைச் சுத்தி நூறு வீடு, அவ்வளவுதான் ஊரு. நான் வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கு ராதாமக்கர் குடும்பம்னு பேரு. என்னடா கிறிஸ்தவ வீட்டுல ராதான்னு பாக்கறீங்களா? எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. அது ஜெர்மனிப் பேராம். ரொம்பக் காலத்துக்கு முந்தி, மிஷன்காரங்களோட ஒரு ஆசாரி கப்பல்ல வந்தானாம். வண்டிச் சக்கரம் செய்யறவன். ராடெமாகர்னு பேரு. கோயில் கதவு, பீடம் எல்லாம் அவன் கையால இழைச்சது. அவன் வம்சம்தான் எங்க வீட்டுக்காரரு வம்சம்னு சொல்லிக்கிட்டு வந்தாங்க. அதுக்குச் சாட்சி அவங்க கண்ணு. எங்க மாமனாருக்குப் பூனைக்கண்ணு. எங்க வீட்டுக்காரருக்கும் பூனைக்கண்ணு. நாத்தனா மார்த்தாவுக்கும் அதே. வெயில்ல நின்னா பச்சையாத் தெரியும்.

பேரை மட்டும் ஒருத்தனும் ஒழுங்கா எழுதுனதில்ல. ஞானஸ்நானச் சீட்டுல ராதமேக்கர். பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாரு, உங்களை மாதிரித்தான், கோவிச்சுக்காதீங்க, திருத்தறேன்னு சொல்லி ராதாமாதவர்னு போட்டு வச்சாரு. ரேஷன் கார்டுல ராதா மக்கள். பாங்கிப் புத்தகத்துல இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரரு தானியேல் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு, "ரெபேக்கா, நான் போற இடமெல்லாம் வேற வேற ஆளு, போலீஸ்காரன் என்னைப் பிடிக்கவே முடியாது"ன்னு. அவருக்கு எதுவும் விளையாட்டு.

அந்த ஆசாரி கல்லறை எங்க ஊருல இருக்கு. கோயிலுக்குப் பின்னால பழைய கல்லறைத் தோட்டத்துல, பூவரச மரத்தடியில. கருங்கல்லு, மேல ஜெர்மன் எழுத்து. அதுலதான் எங்க குடும்பத்துல எல்லாரையும் வைக்கிறது. பழைய தோட்டத்துல இடம் கிடையாது தம்பி, அதனால குடும்பக் கல்லறை உள்ளவங்க மட்டும், ஒருத்தர் போயி பல வருசம் ஆனப்புறம் திரும்பத் திறந்து, உள்ள கிடக்கிற எலும்பை வெள்ளைத் துணியில சுத்திக் கால்மாட்டுல வச்சிட்டு, புது ஆளைப் படுக்க வைப்பாங்க. குடும்பக் கல்லறை இல்லாதவங்களுக்கு வாய்க்காங்கரைக் கல்லறை. அங்க ரெண்டு முழம் தோண்டினா தண்ணி. போன ஐப்பசி மழையில ஜெபமணி அக்காவை வச்சப்ப பெட்டி மிதந்துச்சு. நாலு பேரு மூங்கிலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்க, போதகரு ஜெபம் பண்ணுறாரு. நான் பாத்தேன். கண்ணால பாத்தேன்.

எங்க வீட்டுக்காரரு பூவரச மரத்தடியிலதான் இருக்காரு. அவருக்கு இருட்டுன்னா பயம் தம்பி. யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்றேன். மீன் ஏலத்துல அந்த அதட்டு அதட்டுவாரு, வீட்டுல விளக்கை அணைச்சா என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவாரு. ஆஸ்பத்திரியில கடைசியா என்ன கேட்டாரு தெரியுமா? "நீயும் அங்கதான வருவ?"ன்னு கேட்டாரு. வருவேன்னு சொன்னேன். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். வேற வீடா, நகையா, ஒண்ணும் வேண்டாம். அவரு பக்கத்துல படுக்கணும்.

இப்ப ஒண்ணு சொல்லப்போறேன். மெதுவாச் சொல்றேன், காதைக் கொடுங்க. அந்தப் பியூன் போகட்டும்.

எங்களுக்கு ஒரே மகன். அருமைநாயகம். மீன்பிடிப் போட்டு இஞ்சின் மெக்கானிக்கு. அவன் என் வயித்துல பொறந்த பிள்ளை இல்ல. எங்களுக்குப் பிள்ளை தங்கல. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில சிஸ்டர் ஒருத்தங்க மூலமா கேட்டு, அலைஞ்சு திரிஞ்சு, எடுத்தோம். ஆனா ஊருல ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அவ்வளவு கச்சிதமாச் செஞ்சோம். முழுகாம இருக்கேன்னு சொல்லிட்டு எங்கம்மா வீட்டுக்குக் கும்பகோணம் போயிட்டேன். பிள்ளையோடதான் வேதபுரத்துல வந்து இறங்கினேன். ஊரே வந்து பாத்துச்சு. ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. பிள்ளை யாரு சாடைன்னுகூட ஒருத்தரும் கேக்கல, பாத்துக்குங்க.

மார்த்தாவுக்குக்கூடத் தெரியாது. அவ எப்பேர்ப்பட்ட ஆளு, அவளையே ஏமாத்தினேன். பிரசவ லேகியம் கிண்டி எடுத்துக்கிட்டு வருவா. நான் பெத்தவ மாதிரியே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குவேன். என்னா காரம்! அப்ப அவளுக்கும் கைப்பிள்ளை. தினமும் வந்துருவா. "அண்ணி, நீங்க படுங்க, அவனைக் கொடுங்க"ன்னு பிடுங்கிக்கிட்டுப் பின்கட்டுக்குப் போயிடுவா. கதவைச் சாத்திக்குவா. திரும்பக் கொண்டாந்து கொடுக்கும்போது பிள்ளை வயிறு புடைச்சுக்கிட்டுத் தூங்கும். நான் டப்பாப் பாலை ஒளிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், அவன் சீண்ட மாட்டான். அப்பவே ஆரம்பிச்சிட்டா தம்பி, என் பிள்ளையை என்கிட்டேருந்து பிரிக்கிற வேலையை. அதுக்கு அவளை நான் இன்னும் மன்னிக்கல.

இப்படி இருக்கையிலதான் போன வருசம் அந்த ஜெர்மன்காரரு வந்தாரு.

முதல்ல பாத்தது நான்தான். ஒரு சனிக்கிழமை பூ எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்காரரைப் பாக்கப் போறேன். நம்ம கல்லறைகிட்ட ஒரு ஆளு மண்டி போட்டுக்கிட்டு இருக்கான். நெட்டையா, சிவப்பா, தொப்பி வச்சுக்கிட்டு. பல்லு விளக்குற பிரஷ்ஷால எழுத்தைச் சுரண்டிக்கிட்டு இருக்கான். அப்புறம் ஒரு காகிதத்தைக் கல்லுமேல விரிச்சுக் கரியால தேய்க்கிறான். எழுத்து அப்படியே காகிதத்துல எழும்புது. என்னைப் பாத்துட்டு எழுந்திருச்சுக் கும்பிட்டான். யாரோ எவனோ, இது எங்க கல்லறைன்னு காட்டிக்க வேண்டாம்னு தோணுச்சு. அவசரத்துல கையிலிருந்த பூவைப் பக்கத்துல இருக்கிற ஒரு பழைய டீச்சரம்மா கல்லறையில போட்டுட்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ற மாதிரி நின்னுட்டு வந்துட்டேன். அந்த டீச்சரம்மா யாருன்னே எனக்குத் தெரியாது.

மறுநாள் ஆராதனை முடிஞ்சதும் போதகரு சொல்றாரு, "நம்ம மத்தியில ஜெர்மனியிலேருந்து ஒரு விருந்தாளி, ஹார்ட்முட் ராடெமாகர் ஐயா. நம்ம கோயில் பீடம் செஞ்ச ராடெமாகர், இவரோட முப்பாட்டனுக்கு அண்ணன். அந்தக் குடும்பத்தார் இருந்தா சந்திக்க ஆசைப்படுறாரு." சொன்னதுதான் தாமதம், கோயிலே திரும்பி என்னைப் பாக்குது. எங்க ஊரு பசங்க ஹார்ட்முட்டை ஆட்டுமுட்டு ஆக்கிட்டாங்க. ஆட்டுமுட்டு ஐயான்னு கூப்பிட்டா அந்த ஆளு சந்தோசமாத் திரும்பிப் பாக்குறாரு.

எனக்கு ஒரே சந்தேகம். ஒருத்தன் அவ்வளவு தூரத்துலேருந்து, செத்துப்போன ஆளைத் தேடிக்கிட்டுச் சும்மா வருவானா? காரைக்கால்ல ஒரு வீட்டுக்கு பிரெஞ்சுக்காரன் பேரன்னு ஒருத்தன் வந்து நின்னு, குடியிருந்தவங்களைக் கோர்ட்டுக்கு இழுத்த கதை எனக்குத் தெரியும். இவன் எதுக்கு வந்திருப்பான்? எலும்பை எடுத்துக்கிட்டுப் போகத்தான். பூவரச மரத்தடியைத் தோண்டி, உங்க தாத்தா எலும்பு இதுன்னு மூட்டை கட்டிக் கொடுத்தா, எங்க வீட்டுக்காரரு எலும்பும் அதோட சேந்து கப்பலேறிடும். இருட்டுக்குப் பயந்த மனுசன் ஜெர்மனியில போயி என்ன பண்ணுவாரு?

நான் போகவே இல்ல. போதகரு ஆளு மேல ஆளு அனுப்புறாரு. சாயங்காலம் மார்த்தா வந்தா. வாயெல்லாம் பல்லு. "அண்ணி, நான் எச்சி கொடுத்துட்டு வந்துட்டேன்"ங்கறா. எச்சியா? ஆமாம். ஒரு சின்னக் குழாயில எச்சியைத் துப்பிக் கொடுக்கணுமாம். அதை அங்க கொண்டுபோயி மிஷின்ல வச்சா யாரு யாருக்கு ரத்த சொந்தம்னு சொல்லிடுமாம். "ஆம்பளைப் பிள்ளை எச்சின்னா இன்னும் தெளிவாத் தெரியுமாம் அண்ணி. நம்ம அருமை கொடுத்தா…"ன்னு சொல்லிக்கிட்டே வந்தவ, என் முகத்தைப் பாத்துட்டு நிறுத்திட்டா. "வேண்டாம், நான் ஒருத்தி கொடுத்தது போதும்"னு சொல்லிட்டு எழுந்திருச்சுட்டா. ஏன் அப்படிச் சொன்னா? எனக்கு அன்னிக்கெல்லாம் அதே யோசனை. தான் மட்டும் வாரிசுன்னு காட்டிக்கத்தான். வேற என்ன.

உங்களுக்குப் புரியுதா தம்பி என் நிலைமை? என் பிள்ளை எச்சியை அந்த ஆளு எடுத்துக்கிட்டுப் போனா, முப்பது வருசம் நான் காத்தது ஒரு நிமிசத்துல போச்சு. அருமைக்குத் தெரிஞ்சுபோகும். நீ என் அம்மா இல்லன்னு ஒரு பார்வை பாத்தான்னா நான் அங்கேயே செத்துருவேன். அதுக்கு மிஷின் வேண்டாம், அந்தப் பார்வை போதும்.

அதனால ஒரு முடிவு பண்ணினேன். நாங்க அந்தக் குடும்பமே இல்லன்னு சொல்லிட்டா? அப்ப யாரு எச்சியும் வேண்டாம் பாருங்க. வீட்டுல இருந்த கார்டு, சீட்டு, புத்தகம் எல்லாத்தையும் மஞ்சப் பையில போட்டுக்கிட்டு நானே கோயில் ஹாலுக்குப் போனேன். அங்க மேசைமேல பெரிய காகிதம் விரிச்சிருக்கு. மரம் மாதிரிக் கிளை கிளையா பேரு. போதகரு இருக்காரு, கமிட்டி ஆளுங்க இருக்காங்க, பொருளாளர் சற்குணம் இருக்காரு, மார்த்தா இருக்கா, என் மகனும் ஒரு ஓரமா நிக்கிறான். பாண்டிச்சேரியிலேருந்து கூட்டிக்கிட்டு வந்த ஒரு ஆளு ஜெர்மன் பேசி விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கான்.

நான் மஞ்சப் பையைக் கவுத்துக் கொட்டினேன். "பாருங்க. ஞானஸ்நானத்துல வேற, பள்ளிக்கூடத்துல வேற, ரேஷன்ல வேற. ஒண்ணாச்சும் அந்தக் கல்லுல உள்ள பேரா? நாங்க வேற, அந்த ஆளு வேற"ன்னேன். விளக்கம் சொல்றவன் சொன்னான். அந்த ஆட்டுமுட்டு ஐயா ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறாரு. பாக்கப் பாக்க முகம் மலருது. ராதா மக்களைப் பாத்துட்டுக் கையைத் தட்டுறாரு! கண்ணுல தண்ணி! அவரு ஊருலயும் இதே கதையாம். ஒரு கிராமத்துப் பாதிரியார் ஒரு மாதிரி எழுதுவாராம், பட்டாளத்துல ஒரு மாதிரி, கப்பல்ல ஒரு மாதிரி. அவரு ஒரு நோட்டை எடுத்துக் காட்டுறாரு, பக்கம் பக்கமா ஒரே பேரைப் பத்து விதமா எழுதி வச்சிருக்கு. பேரு மாறாம இருந்தாத்தான் சந்தேகப்படணுமாம், மாறியிருந்தா உண்மைக் குடும்பமாம். இது எங்கயாச்சும் உண்டா? என் ரேஷன் கார்டைப் பாத்து நோட்டுல எழுதிக்கிறாரு, தமிழ் எழுத்தை அப்படியே படம் மாதிரி வரையறாரு. நான் இல்லன்னு சொல்லக் கொண்டுபோன சாட்சி எல்லாம் ஆமான்னு சொல்லுது.

அப்புறம் மேசைக்குக் கீழேருந்து அந்தக் குழாயை எடுத்தாரு. என் மகனைப் பாத்துச் சிரிச்சாரு.

எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. "நிறுத்துங்க"ன்னு கத்திட்டேன். "எங்களுக்கும் அந்தக் கல்லறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதுல கிடக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டேன். சற்குணம் இருக்காரே, அவரு கேக்குறாரு, "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா? சம்பந்தம் கிடையாதா?" கிடையாதுன்னேன். போதகரு, "உங்க வீட்டுக்காரரையே அங்கதானம்மா வச்சோம்"ங்கறாரு. "இடம் இருந்துச்சு, வச்சோம், அவ்வளவுதான்"னேன். மார்த்தா வாயைப் பொத்திக்கிட்டா. அந்த ஜெர்மன்காரரு ஒண்ணும் புரியாம அந்தக் குழாயைக் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருக்காரு.

என் மகன் வந்து என் தோளைப் பிடிச்சான். "அம்மா வேண்டாம்னா வேண்டாம். வாம்மா, வீட்டுக்குப் போலாம்"னான். ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. நல்ல பிள்ளை தம்பி. ஒண்ணும் தெரியாத பிள்ளை.

அடுத்த ஞாயித்துக்கிழமை போதகரு எதைப் பத்திப் பிரசங்கம் பண்ணினாரு தெரியுமா? பேதுரு ஏசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சதைப் பத்தி. யாரை மனசுல வச்சுக்கிட்டுப் பண்ணினாருன்னு எனக்குத் தெரியாதா? கேட்டா, அன்னிக்கு வேதபாடம் அதுதாம்மாங்கறாரு.

ஜெர்மன்காரரு ஊருக்குப் போறதுக்கு முந்தி எங்க வீட்டு வாசலுக்கு வந்தாரு. நான் கதவைத் திறக்கல. ஜன்னல்ல ஒரு மரப்பெட்டியை வச்சிட்டுப் போனாரு. பழைய பெட்டி, ஆசாரி அங்கேருந்து கிளம்புறதுக்கு முந்தி செஞ்சதாம். எதுக்குக் கொடுத்தாருன்னு தெரியல. உள்ள ஏதாச்சும் மிஷின் இருக்குமோன்னு கிணத்தடியில வச்சிருக்கேன், வீட்டுக்குள்ள சேக்கல.

அப்புறம் கல்லறைத் திருநாள் வந்துச்சு. வழக்கமா நான்தான் போயி வெள்ளையடிச்சு, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏத்துவேன். சம்பந்தம் இல்லன்னு ஊரறியச் சொன்னவ எப்படிப் போறது? வீட்டுக்குள்ளயே கிடந்தேன். எல்லா வீட்டுலேருந்தும் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கிட்டுப் போறாங்க. அவரு அங்க எனக்காகப் பாத்துக்கிட்டு இருப்பாருன்னு நினைச்சு நினைச்சு அழுதேன். பொழுது சாய அருமை வந்தான், கையெல்லாம் சுண்ணாம்பு. "யாருடா உன்னை வெள்ளையடிக்கச் சொன்னா?"ன்னு சத்தம் போட்டேன். "அப்பா படுத்திருக்காரும்மா"ன்னான். அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

தவக்காலத்துல அந்த எச்சிச் சேதி வந்துச்சு. என்ன தெரியுமா? மார்த்தாவுக்கும் அந்த ஜெர்மன்காரருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லையாம்! ஒரு சொட்டு ரத்தம் கிடையாதாம். ஆசாரிக்குப் பிள்ளையே இல்லபோல இருக்கு. பட்டறையில வேலை பாத்த பையன் எவனையோ வளத்துத் தன் பேரைக் கொடுத்திருக்கணும்னு அவரு எழுதியிருக்காராம். ஆனா எங்க எல்லாருடைய பேரையும் அந்த மரத்துல போட்டுட்டாராம், எடுக்க மாட்டாராம். அது ஏன்? அதுல என்ன சூட்சுமம் இருக்கோ. அப்ப அந்தப் பூனைக்கண்ணு எங்கேருந்து வந்துச்சுங்கறது தனிச் சந்தேகம், அதை நான் மாமியார் உயிரோட இருந்தா கேட்டிருப்பேன்.

போன மாசம் சற்குணத்தோட அப்பா படுத்த படுக்கையாயிட்டாரு. அவங்களுக்குக் குடும்பக் கல்லறை கிடையாது. சற்குணம் கமிட்டியில எழுதிக் கொடுத்துட்டாரு, பூவரச மரத்தடிக் கல்லறைக்கு உரிமைக்காரங்க இல்ல, அந்த அம்மாவே சொல்லிட்டாங்க, எச்சியும் அதையே சொல்லுது, எங்களுக்கு ஒதுக்குங்கன்னு. கமிட்டி கூப்பிட்டாங்க. போனோம். நான், மார்த்தா, அருமை.

நான் சொன்னேன், "அன்னிக்கு ஏதோ மயக்கத்துல சொல்லிட்டேன், அது எங்க கல்லறைதான்"னு. சற்குணம் சிரிக்கிறாரு. "சபைக்கு முன்னால சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாதும்மா. உங்களுக்கு உரிமை போச்சு"ங்கறாரு. மார்த்தா எழுந்திருச்சா. "அவங்களுக்குப் போனா போகட்டும். எங்கண்ணன் மகன் இருக்கான், அருமை. அந்தக் கல்லறை அவனுது"ன்னா. அவளுக்குச் சொந்தமா ஒரு மகன் இருக்கான் தம்பி. அவனை விட்டுட்டு என் மகனைச் சொல்றான்னா, பின்னால ஏதோ திட்டம் இருக்கணும். இன்னும் எனக்குப் பிடிபடல.

அப்பதான் சற்குணம் அந்த வார்த்தையைச் சொன்னாரு. வாயில வைக்கக் கூசுது. "அண்ணன் பெத்த மகனா?"ன்னாரு.

எல்லாரும் தரையைப் பாக்குறாங்க. யாரும், என்னய்யா உளறுறன்னு கேக்கல. ஒருத்தரும் கேக்கல. எனக்கு அப்பதான் லேசா ஒரு இது வந்துச்சு… இவங்களுக்கெல்லாம்… இல்ல, இருக்காது. எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா எங்க ஊரு ஆளுங்க முப்பது வருசம் வாயை மூடிக்கிட்டா இருப்பாங்க?

என் மகன் முன்னால வந்தான். எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. கல்லறை உரிமை கேக்கிறவன் தன் வாயால சொல்றதை அப்படியே எழுதி, கல்யாணத்துக்கு முந்தி ஆட்சேபனை கேட்டு ஓலை வாசிக்கிற மாதிரி, ஞாயித்துக்கிழமை பீடத்துலேருந்து வாசிப்பாங்க. ஆட்சேபனை இல்லன்னா உரிமை உறுதி. அந்த வெள்ளைக்காரங்க காலத்துலேருந்து அப்படித்தான். அருமை போதகரைப் பாத்து, "எழுதிக்குங்க ஐயா"ன்னான். நிதானமாத்தான் சொன்னான். "இவங்க என்னைப் பெத்தவங்க இல்ல"ன்னான்.

என் காது அடைச்சுப் போச்சு தம்பி. உசிரோட மண்ணைப் போட்ட மாதிரி இருந்துச்சு. அவன் என்னமோ மேல பேசிக்கிட்டே இருக்கான், உதடு அசையுது, எனக்கு ஒண்ணும் கேக்கல. எழுந்திருச்சு வந்துட்டேன். எப்படி வீடு வந்தேன்னு தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எத்தனை நாளா? யாரு சொன்னா? தெரிஞ்சுக்கிட்டேதான் அம்மா அம்மான்னு என் கையால வாங்கிச் சாப்பிட்டானா?

கொஞ்ச நேரம் இருங்க. கண்ணுல ஏதோ விழுந்துடுச்சு.

வீட்டுக்கு வந்தவன்கிட்ட நான் பேசல. அவன் என் பக்கத்துல உக்காந்தே இருந்தான். சோறு போட்டுக் கொடுத்தான், சாப்பிடல. கமிட்டியில அவனுக்கே கல்லறைன்னு முடிவாயிடுச்சாம். என்னை அவன் அப்பா பக்கத்துலதான் வைக்கணும்னு அவன் சொன்னதையும் ஒத்துக்கிட்டாங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை வாசிக்கப்போறாங்க. என்ன வாசிக்கப்போறாங்க? அவன் சொன்னதை, வார்த்தை மாறாம. பெத்தவங்க இல்லன்னு பீடத்துலேருந்து, மைக்குல, நூறு வீட்டு ஆளுங்களும் உக்காந்திருக்க. அதுக்குத்தான் இங்க வந்தேன். நிறுத்துங்கன்னு சொல்ல.

உள்ள அந்த அம்மா சொல்லிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடலாம், ஆனா வாசிக்காம உரிமை உறுதி ஆகாது, கல்லறை சற்குணம் பக்கம் போயிடும், யோசிச்சுக்குங்கன்னு. வாசிக்க விட்டா ஊருக்குத் தெரிஞ்சுபோகும். நிறுத்தினா வாய்க்காங்கரை. மூங்கிலால அமுக்குவாங்க. அவரு மரத்தடியில தனியா இருட்டுல கிடப்பாரு. இதுல நான் எதை யோசிக்கிறது, சொல்லுங்க பாப்போம்.

என்ன கேக்குறீங்க? மீதியா? அவன் மேல என்ன சொன்னான்னா?

அதை மார்த்தா வந்து சொன்னா. நேத்துக் காலையில வாசல்ல நின்னுக்கிட்டு, நான் உள்ள கூப்பிடல. "அண்ணி, பாதியில எழுந்திருச்சு வந்துட்டீங்களே, முழுசாக் கேட்டீங்களா?"ன்னா. என்னத்தக் கேக்கறதுன்னேன். அவன் இப்படிச் சொன்னானாம். "இவங்க என்னைப் பெத்தவங்க இல்ல. பெத்தவங்களுக்கு நான் வேண்டாம்னு ஆயிட்டேன். இவங்கதான் வேணும்னு அலைஞ்சு திரிஞ்சு வாங்கினவங்க. இவங்க எங்கப்பா பக்கத்துல படுக்கட்டும். எனக்கு என் அம்மா கால்மாட்டுல இடம் இருந்தா போதும்." இப்படிச் சொன்னானாம். சொல்லிட்டுப் பொம்பளைப் பிள்ளை மாதிரி அழுதானாம். சற்குணமே எழுந்திருச்சு வந்து அவன் கையைப் பிடிச்சிக்கிட்டாராம்.

நம்புற மாதிரியா இருக்கு? மார்த்தா ஒண்ணுக்கு ஒம்பது சேக்கிறவ. என்னைச் சமாதானப்படுத்தி, இங்க வரவிடாம பண்றதுக்கு அவளே கட்டின கதையாக்கூட இருக்கும். அருமைகிட்டயே கேட்டா என்னன்னுதான் கேப்பீங்க. எப்படிக் கேக்கறது? நீ என்னைப் பத்தி நல்லதாச் சொன்னியாடான்னு ஒரு தாய் வாயைவிட்டுக் கேப்பாளா? போதகருகிட்ட கேக்கலாம்னா, அவரு மார்த்தா பக்கம்.

அந்தா, கதவு திறக்குது. செக்ரட்டரி அம்மா என்னைத்தான் பாக்குறாங்க. வர்றேம்மா, வர்றேன்.

எழுந்திருக்கணும், கொஞ்சம் கையைக் கொடுங்க தம்பி. நான் நிறுத்தச் சொல்லப்போறதில்ல. அவ சொன்னதை நம்பிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு என் காதால கேக்கணும், அவ்வளவுதான். வார்த்தை மாறாம வாசிப்பாங்கல்ல? வாசிக்கட்டும். முதல் பெஞ்சுல போயி உக்காந்துக்கப்போறேன், மைக்குக்கு நேரா. அந்தக் கால்மாட்டு வார்த்தை மட்டும் அதுல இல்லன்னு வச்சுக்குங்க, மார்த்தாவை நான் கோயில்னுகூடப் பாக்க மாட்டேன்.

இருந்துச்சுன்னா? இருந்துச்சுன்னா ஊரே கேக்கட்டும் தம்பி.